தீப்பிடித்த வீட்டுக்குப் பாதிப் பணம்தான் என்றால்: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

தீயில் வீட்டை இழந்தவர் முன் காப்பீட்டு நிறுவனம் ஒருநாள் டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டும். 'முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொள்கிறேன்' என்று அதில் அச்சிட்டிருக்கும். தொகை குறைவென்று பட்டால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பணம் அவசரமென்றால் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிப் போடுங்கள். எழுதாமல் போட்டால், நிர்ப்பந்தத்தில்தான் போட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் பிறகு உங்கள் தலையில் விழும்.

அடுத்து, இழப்பை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். அதுவே இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பாருங்கள். கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரியும்; அறிக்கையில் 'பெயின்டிங்' என்று மட்டும் இருக்கும். அப்படியானால் கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் பொறியாளர் கட்டணத்துக்கு க்ளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரையும் உண்டு. காப்புத்தொகை போதாது என்று விகிதம் போட்டு வெட்டவும் அதில் இடமில்லை.

இனி எங்கே போவது? பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு முதலில், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன்தான் சரி என்பேன். கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை எடுத்துக்கொள்வார். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அவருடைய உத்தரவு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விவகாரத்தை ஆம்புட்ஸ்மேன் தொடமாட்டார். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

விதிவிலக்குகளும் உண்டு. இழப்பு 50 லட்சத்தைத் தாண்டினால் ஆணையம்தான். 'நீங்களே தீ வைத்தீர்கள்' என்பதுபோன்ற குற்றச்சாட்டு எழுந்து, சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே போங்கள். அப்படிப்பட்ட வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கவும் அதுவே இடம். அங்கே கட்டணம் நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். 5 லட்சம் வரை எதுவும் இல்லை என்பதால் வீட்டுப் பாலிசிக்காரருக்குச் செலவு வக்கீலுக்கு மட்டும்தான். காலம் மட்டும் இழுக்கும்.

ஆணையத்துக்கான கெடு இரண்டு ஆண்டு. ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருக்கும் நாட்களும் அதில் சேரும் என்றே கணக்குப் போடுங்கள். நிறுவனத்துக்கான புகாரை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.