கட்டுமானத் தொழிலும் உயிர்க்காப்பும்

வானளாவிய கட்டடங்களையும் நெடும் பாலங்களையும் காண்போர், அவற்றை வகுத்த பொறிவல்லாரைப் புகழ்வர். பொருளுதவிய செல்வரையும் புகழ்வர். ஆயின், அவற்றின் உச்சியில் நின்று ஆணி முடுக்கியவன் மாலையில் வீடு திரும்பினனா என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க நாட்டிலே பெரும் பாலங் கட்டுவாரிடையே முன்னாளில் ஒரு கணக்கு வழங்கிவந்தது. 10 இலட்சம் டாலர் செலவாகும் வேலைக்கு ஓருயிர் போகும் என்பதே அது. இரும்பு, மரம், சிமெண்டு என்பவற்றோடு மனிதனையும் ஒரு செலவாக எண்ணிய கொடுமையை என்னென்பது!

1933-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலத்தின் வேலை தொடங்கிற்று. அதன் செலவு ஏறத்தாழ 3½ கோடி டாலர். பழைய கணக்கின்படி 35 உயிர்கள் போதல் வேண்டும். தலைமைப் பொறிவல்லராகிய ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கிற்கு உடன்பட்டாரல்லர். தலைக்கவசம் அணிதலும், இடையிற் கயிறு பிணித்தலும் கட்டாயமாயின. உயரத்தில் நின்று வீரங்காட்டி விளையாடினோர் வேலையினின்று நீக்கப்பட்டனர். பாலத்தின் கீழே, இருபுறமும் 10 அடி புறந்தள்ளி, 1,30,000 டாலருக்கு மேற்பட்ட செலவில் ஒரு வலை விரிக்கப்பட்டது. அவ்வலையில் வீழ்ந்து உயிர்பிழைத்தோர் 19 பேர். அன்னோர், 'நரகிற்குப் பாதிவழி சென்றோர் சங்கம்' என நகைச்சுவை தோன்றத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர்.

நிற்க. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், 12 பேர் நின்ற சாரமொன்று கழன்று வலைமேல் வீழ்ந்தது. அதனைப் பிணித்த ஆணிகள் வேண்டும் பருமனில் அமைந்தில. வலை கிழிந்தது, 10 பேர் மாண்டனர். அதற்கு முன் இறந்தவர் ஒருவரே. மனிதனைத் தாங்க அமைந்த வலை, சாரத்தின் பாரத்தை எங்ஙனம் தாங்கும்? வலை இறுதிக் காவல். ஆணியே முதற் காவல். அவ்வாணியை நாடோறும் சோதிப்பார் இல்லாவிடின், பொன்னால் வலை பின்னினும் பயனில்லை.

இதனால் நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, காவலுக்காகும் செலவு மதிப்பீட்டிலேயே இடம்பெறல் வேண்டும். ஒப்பந்தக்காரரின் விருப்பிற்கு விட்டால், அதனைக் குறைத்துக் கேட்பவருக்கே வேலை கிடைக்கும். இரண்டாவது, சோதிப்பவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். விரைவால் ஊதியம் பெறுவாருக்கு அவர் அடங்கியவராதல் கூடாது. மூன்றாவது, 'இச்சாரம் ஆடுகின்றது. ஏறேன்' என்று சொல்லும் தொழிலாளன் அதனாற் கூலி இழத்தல் ஆகாது. நாட்கூலியால் மனைவி மக்களைப் புரப்பவன் அஞ்சி வாய்மூடி ஏறுவான். அவன் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளுதல் அறமன்று.

இவ்வுண்மைகள் பின்னர்ச் சட்டங்களில் இடம்பெற்றன. 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வேலையிடங்களைச் சோதித்துத் தண்டம் விதிக்க வழிசெய்ததோடு, முறையிட்ட தொழிலாளனைப் பழிவாங்குதலையும் விலக்கிற்று. பிரிட்டனில் 1994-இல் வகுத்த விதிகள், கட்டுவிப்போர்க்கும் வரைபடம் வகுப்போர்க்கும் இக்கடமையில் பங்குண்டு என்றன. அந்நாட்டிலேயே, 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டிற்காக இலண்டனிற் பெரும் பூங்காவும் அரங்குகளும் கட்டியபொழுது, விபத்தால் ஓருயிரும் மாளவில்லை.

ஆகவே, பெருவேலைக்கு உயிர்ப்பலி இன்றியமையாதது என்பது பொய். சட்டம் ஏட்டிலிருந்து சாரத்திற்கு ஏறும்பொழுதே உயிரைக் காக்கும். நம்முள் நாளைப் பொறுப்பேற்பார் பலர்; பொருட்கணக்கிற் கையொப்பமிடுமுன், காலையில் ஏறினோர் எத்தனை பேர், மாலையில் இறங்கினோர் எத்தனை பேர் என்னும் கணக்கையும் கேட்பாராக.