பட்டாளத்துக்காரரிடம் கதை கேட்கப் போகுமுன்

1971 போரில் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, கண்ணு. 1962-ல் சீன எல்லையில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் வாய்மொழியைப் பதிந்துவைக்கப் புறப்பட்டிருக்கிறாய். போகுமுன் இந்தக் கிழவன் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்.

1. முதல் நாளே ரெக்கார்டரை வெளியே எடுக்காதே. உட்கார். கொடுக்கிற டீயைக் குடி. உன் ஊர் எது, அப்பா யார் என்று விசாரிப்பார். நிதானமாகப் பதில் சொல். ஆளைத் தெரியாமல் எவரும் மனசைத் திறப்பதில்லை.

2. "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று ஒருநாளும் கேட்காதே. என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்கு என்ன செய்தீர்கள் என்று கேள். போர் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்ளும் ஒரு ஹவில்தார், லங்கர் என்னும் பட்டாளச் சமையலறையின் சப்பாத்தியை மெல்ல முடியாமல் தவித்த மெட்ராஸ் பையன்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் மறுநாள் இல்லாமல் போனதும் அந்தப் பேச்சோடு பேச்சாக வந்தது.

3. மெடல் வாங்கியவரை மட்டும் தேடிப் போகாதே. லாரி ஓட்டியவரும் சமைத்தவரும் காயத்துக்குக் கட்டுப்போட்டவரும் போரில்தான் இருந்தார்கள். வீட்டம்மாவிடமும் கேள். வந்த கடிதத்தில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும்தான் இருக்கும், ஊர் இருக்காது. "ரேடியோவில் சண்டை நடக்கும் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் அடுப்பை விட்டு ஓடிவந்து நிற்பேன்" என்றார் ஓர் அம்மா.

4. வயதானால் வருஷம் குழம்பும். 65-ல் நடந்ததை 71 என்பார். இடைமறித்துத் திருத்தாதே, சொன்னபடியே பதிவாகட்டும். பிறகு டிஸ்சார்ஜ் புக்கைப் பார்க்கக் கேள். அதில் இருக்கும் பதக்கம் சமர் சேவா ஸ்டார் என்றால் 1965. பூர்வி ஸ்டார் என்றால் 1971-ல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. சரியான விவரத்தை உன் குறிப்பில் தனியாக எழுதிவை. வருஷம் பிசகியதால் அவர் பட்ட பாடு பொய்யாகிவிடாது.

5. ஊர் கேட்க விரும்பாத கதையையும் கேள். 1987-ல் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்களில் நம் தமிழ்ப் பையன்களும் உண்டு. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. "யாழ்ப்பாணத்தில் ஒரு கிழவி எங்களைத் திட்டினாள். கூட இருந்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது" என்றார் ஒருவர். நீ எந்தப் பக்கம் என்பதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. தீர்ப்புச் சொல்ல உன்னை யாரும் கூப்பிடவில்லை.

6. "இதை எழுதாதே" என்றால் உடனே கருவியை நிறுத்து. அவர் காலமான பிறகும் அந்த வாக்கு வாக்குதான். அழுதால் அடுத்த கேள்விக்குத் தாவாதே. தண்ணீர் கொடு, அன்றைக்கு அதுவே போதும்.

7. டிரங்குப் பெட்டியிலிருந்து எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. போட்டோ, கடிதம் எல்லாவற்றையும் அங்கேயே படமெடு. நினைவு மலர் போடுகிறேன் என்று இருந்த ஒரே படத்தை வாங்கிப்போனவர் திரும்பவே இல்லை என்பதால், யாருக்கும் பெட்டியைத் திறக்காத வீடு ஒன்று எனக்குத் தெரியும். பெயர், யூனிட், ஊர், பதிந்த தேதி ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடு. நாளைக்கு என்றால் மறந்துபோகும். பதிவை இரண்டு இடத்தில் வை.

8. வேலை முடிந்ததும் காணாமல் போகாதே. பதிந்ததை எடுத்துப்போய் அவருக்கே போட்டுக் காட்டு. வேண்டாம் என்பதை நீக்கு. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவை. தாத்தா இத்தனை பேசி அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கட்டும். நீ சும்மா இரு.