வெள்ளையடிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

வீடு விற்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வங்கிகளுக்காகச் சொத்து மதிப்பீடு செய்துவரும் கட்டடப் பொறியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: மதுரையில் அப்பா 1988-ல் கட்டிய வீடு. 1,800 சதுர அடி மனை. மாடி 2003-ல் எடுத்தது. அப்பா உயில் எழுதாமல் நான்கு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அம்மா என்னோடு இருக்கிறார்; அண்ணன் உள்ளூர், தம்பி துபாயில். விற்றுவிடலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. பெயின்ட் அடித்து, தரைக்கு டைல்ஸ் மாற்றி, மாடுலர் கிச்சன் போட்டால் செலவு நான்கு லட்சத்துக்குள் முடியும், விலை பத்து லட்சம் ஏறும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: செய்யாதீர்கள். அந்த நான்கு லட்சம் திரும்பி வராது என்றே நினைக்கிறேன்.

வாங்க வருகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். அப்போது என்னைப் போன்ற ஒருவர் வந்து மதிப்புப் போடுவார். மனைக்கு அந்தத் தெருவில் என்ன விலை போகிறதோ அது தனி. கட்டடத்துக்கு, இன்றைக்குக் கட்டினால் என்ன செலவாகுமோ அதில் வயதுக்குத் தக்க தேய்மானத்தைக் கழித்து வருவது தனி. கான்கிரீட் வீட்டுக்குப் பொதுவாக 60 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்கிறோம். 1988-ல் கட்டிய தரைத்தளம் எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் தேய்ந்தாயிற்று. சமையலறை அலமாரிக்கு நீங்கள் போடும் இரண்டு லட்சம் இந்தக் கணக்கில் எங்கேயும் நுழையாது. போதாததற்கு, வாங்குகிறவர் உங்கள் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத் தனக்குப் பிடித்ததைப் போடுவார். வீட்டை இடித்துவிட்டு மனைக்காகவே வாங்குகிறவராகவும் இருக்கலாம்.

கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை வேறு: உயில் இல்லை, மாடி பின்னால் எடுத்தது, தம்பி வெளிநாட்டில்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி நால்வருக்கும் சமபங்கு. மகளுக்கு இந்தப் பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. ‘பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, கையெழுத்து எதுக்கு’ என்பதெல்லாம் வாங்குகிறவரின் வக்கீலிடம் எடுபடாது. இதில் பலரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு: அப்பாவைப் பெற்ற பாட்டி. அப்பா காலமான அன்று பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. சொத்து ஐந்து பங்காகும். பாட்டி அதன்பின் உயில் இல்லாமல் காலமாகியிருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியும். உங்கள் அத்தை, சித்தப்பா என எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் முழுமையாகும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இது தெரியவந்து, பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை வீட்டுக்குப் பழத்தட்டோடு போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை இப்போதே எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து மாடி. 2003-ல் எடுத்ததற்கு வரைபட அனுமதி இருக்கிறதா? ‘மாடிக்கும் சேர்த்துத்தானே வரி கட்டுகிறோம்’ என்பார்கள். வரி ரசீது அனுமதி ஆகாது. அனுமதி இல்லாத தளத்துக்கு மதிப்பே போடாத வங்கிகள் உண்டு. வாங்குகிறவருக்குக் கடன் குறைந்தால் அந்தக் குறைவு கடைசியில் உங்கள் விலையில்தான் விழும். அனுமதித் தாள் தொலைந்திருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனுப் போடலாம்.

பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். பழைய மனைப்பிரிவுகளில் பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், பட்டா மட்டும் மனை போட்டு விற்றவர் பெயரிலேயே நின்றுபோயிருக்கும். மாற்றச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். ஆள் வந்து நிற்கும்போது தொடங்கினால் ஆள் போய்விடுவார். கூடவே ஒரு சர்வேயரை வைத்து மனையை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 1,800 என்று இருந்து தரையில் 1,730 இருந்தால், வாங்குகிறவர் 1,730-க்குத்தான் காசு தருவார்.

அப்பா வீட்டுக்கடன் வாங்கியிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கடன் எப்போதோ அடைந்திருக்கும். ஆனால் பத்திரத்தை அடமானம் வைத்தது பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிவு செய்யும்வரை வில்லங்கச் சான்றில் அது தொங்கிக்கொண்டே இருக்கும். இப்போது கடனை அடைக்கிறவர்களுக்கு ஒரு வசதி: முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தம்பி நேரில் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத் துறையில் முத்திரைத்தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர் பங்குக்கு வரிப் பிடித்தமும் வேறு. உள்ளூர்க்காரர்களுக்குள்ள ஒரு சதவீதக் கணக்கு அவருக்குப் பொருந்தாது, தொகை கணிசமாக இருக்கும். வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே அவர் வாங்கிவிடட்டும். தன் பங்கை அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தருவதும் உண்டு. குடும்பத்துக்குள் என்பதால் தீர்வைக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் எழுதிக்கொடுத்தபின் அந்தப் பங்கு அவருடையது இல்லை. அண்ணன் தம்பிக்குள் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வீட்டைக் காலி செய்து கழுவிவிடுங்கள். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, இறுகிப்போன ஜன்னல், மூடி உடைந்த சம்ப் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சுவருக்கு வெளிர் நிறத்தில் ஒரு கோட்டிங் அடித்தால் போதும்.

கேள்வி: மடிப்பாக்கத்தில் தனி வீடு, 22 வருடம் ஆகிறது. ஹாலிலும் படுக்கையறையிலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஓதம் காத்து பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. பின்பக்க அறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பட்டி பார்த்து, ஓதம் தாங்கும் பெயின்ட் அடித்துவிட்டு விற்கலாம் என்கிறார் பெயின்டர்.
– வாசகர், சென்னை

பதில்: அந்தப் பெயின்ட் அடுத்த ஐப்பசி வரை தாங்கும். விவரம் தெரிந்தவர்கள் பழைய வீட்டை மழை ஓய்ந்த கையோடுதான் பார்க்க வருவார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரில் கை வைக்கக் கூடாது. மேலிருந்து கீழே கறை இறங்கினால் மொட்டை மாடி. சுவரின் நடுவில் திட்டாக இருந்தால், பெரும்பாலும் உள்ளே போகும் குழாய். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா பாருங்கள். தரையிலிருந்து ஒரே மட்டமாக முழங்கால்வரை ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். உங்களுடையது அதுதான். உங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் எத்தனையோ வீடுகளின் தரைமட்டம் தெருவுக்குக் கீழே போய்விட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களும் சென்னையில் இருக்கிறார்கள். விற்கப்போகிற வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் ஓரடிவரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். சுவரின் அடியில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலவையில் மறுபடி பூச வேண்டும். பூசிய பிறகு சில வாரமாவது காயவிட்டே பெயின்ட். பிப்ரவரியிலிருந்து மே வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். காய விடாமல் அவசரப்படுத்தினால், கொத்தனாருக்குக் கொடுத்த கூலியும் பெயின்டோடு உதிரும்.

கூரைக் கம்பியை அலட்சியப்படுத்தாதீர்கள். துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பும்போது கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். மேலே சிமென்ட் வைத்து மூடினால் உள்ளே துரு தொடர்ந்து தின்னும். தளர்ந்த காரையை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக இளைத்திருந்தால் மேஸ்திரியை நம்பாமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். கையோடு மாடிக்கும் ஏறி, சுர்க்கித் தளத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் தெரியும் பாதிச் சேதத்துக்கு மேலே அடைத்துக் கிடக்கும் குழாய்தான் காரணமாக இருக்கும். வருடா வருடம் புரட்டாசியில் அதைச் சுத்தம் செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

செய்த வேலையை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. கொத்திய நிலையில் எடுத்த போட்டோவும் பில்லும் காட்டினால் பேரம் பேசுகிறவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

கேள்வி: 1996-ல் வாங்கிய வீட்டை இந்த நிதியாண்டில் (2025-26) 60 லட்சத்துக்கு விற்கிறேன். வரி 12.5 சதவீதம் என்கிறார் ஒருவர், 20 சதவீதம் என்கிறார் இன்னொருவர். வாங்குகிறவர் வேறு பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் விற்றால் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். 12.5 சதவீதம் என்றால் பணவீக்கச் சலுகை கிடையாது. 20 சதவீதம் என்றால் உண்டு.

2001-க்கு முன் வாங்கியது என்பதால், அசல் விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 6 லட்சம் என்று வையுங்கள். 2025-26-க்கான குறியீட்டெண் 376, 2001-க்கு 100. ஆக 6 லட்சம் 22.56 லட்சமாகிறது, லாபம் 37.44 லட்சம்; 20 சதவீதத்தில் வரி ஏறக்குறைய 7.49 லட்சம். சலுகை இல்லாமல் லாபம் 54 லட்சம்; 12.5 சதவீதத்தில் 6.75 லட்சம். இங்கே 12.5 லாபம். அதே 2001 மதிப்பு 10 லட்சமாக இருந்தால் 20 சதவீத வழியில் 4.48 லட்சம், மற்றதில் 6.25 லட்சம், கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இதன்மேல் 4 சதவீத செஸ் தனி. எனவே 2001 மதிப்பீட்டு அறிக்கையை முதலில் வாங்குங்கள்.

லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் வரி விலக்கு உண்டு: வாங்குவதானால் விற்ற இரண்டு வருடத்துக்குள், கட்டுவதானால் மூன்று வருடத்துக்குள். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம்வரை போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது.

ரொக்கம் வேண்டாம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்; அது விழுவது வாங்கிக்கொண்ட உங்கள் தலையில். அவருக்கு ஏன் அந்த ஆசை என்பதும் புரிகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று விலையில் 9 சதவீதம் அவர் கட்ட வேண்டும். அவர் மிச்சம் பிடிக்க நீங்கள் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

கேள்வி: ஆடி மாதத்தில் விளம்பரம் கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கொடுங்கள். ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்களே தவிர, வந்து பார்ப்பார்கள். ஆடியில் பார்த்தவர் ஆவணியில் முடிப்பார். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும். அரசே கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. அதற்குள் உங்கள் பட்டா வேலை முடிந்திருக்கட்டும்.

கேள்வி: ஒருவர் ஒரு லட்சம் அட்வான்ஸ் தந்து ஆறு மாதத் தவணை கேட்கிறார். லீகல் ஒப்பினியனுக்கு அசல் பத்திரமும் வேண்டுமாம். தரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அசலைத் தராதீர்கள். வக்கீலுக்கு ஜெராக்ஸ் போதும். அசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கோ வங்கிக் கிளைக்கோ வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கட்டும்.

ஒரு லட்சத்துக்கு ஆறு மாதம் அதிகம். சிலர் இப்படி உடன்படிக்கை போட்டுவிட்டு, அந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றப் பார்ப்பார்கள். நிஜமாகவே வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்க மூன்று மாதம் தாராளம். விலையில் பத்து சதவீதமாவது முன்பணம் கேளுங்கள், காசோலையாக. உடன்படிக்கையைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அவர் பின்வாங்கினால் ரத்துப் பத்திரத்துக்கும் அவர் கையெழுத்து வேண்டும். உடன்படிக்கையில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்வரை கோர்ட்டுக்குப் போக அவருக்கு வழியும் இருக்கிறது. ஆகவே தவணை தவறினால் முன்பணம் என்ன ஆகும், எத்தனை நாளில் ரத்து என்று தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். மீதித் தொகை டி.டி.யாக வந்து, அதன் எண் கிரயப் பத்திரத்தில் ஏறிய பிறகே கையெழுத்து. சாவி கொடுக்கும் அன்று ஈ.பி. மீட்டர் ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்துவைத்து, பெயர் மாற்றத்துக்கான சம்மதக் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் ஓட்டும் ஏ.சி.யின் பில் உங்கள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.