கத்துக்குட்டிக்குத் தலை சுற்றுவது ஏன்?

காலேஜில் முதல் வருடம் படிக்கிற பையன் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ துப்பாக்கி விளையாட்டு. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது... 'ச்சே!' என்று மௌஸைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். 'என்னடா ஆச்சு?' என்று அம்மா கேட்டால், 'ஒண்ணுமில்லம்மா, விடு' என்கிறான். நடந்தது இதுதான்: காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் நாலு பேர் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எதற்குத் திட்டினார்கள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை!

'இந்த கேம்தான் பையனைக் கெடுக்குது' என்பது அம்மா கட்சி. 'இதுகூட ஆடத் தெரியலையே, இவன் எப்படி இன்ஜினீயரிங் பாஸ் பண்ணப் போறான்?' என்பது அப்பா கட்சி. பையனோ, 'நமக்கு மூளை மட்டு' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிட்டான். மூன்றுமே தப்பு. அதில் மூன்றாவதுதான் ஆபத்தான தப்பு.

பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற ஆன்லைன் விளையாட்டுக்குள் புதிதாக நுழைகிற யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். காரணம் அவர் தலைக்குள் இல்லை. விளையாட்டு வளர்ந்த விதத்தில் இருக்கிறது. இரண்டு உதாரணங்களைப் பார்த்தால் புரிந்துவிடும்.

முதல் பாகத்தையே காணோம்!

'டெஸ்டினி 2' என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் பஞ்ஜி என்ற கம்பெனி 2017 செப்டம்பரில் வெளியிட்டது. வேற்றுக்கிரகப் படை ஒன்று மனிதர்களின் கடைசி நகரத்தைப் பிடித்துக்கொள்ள, நாயகன் அதை மீட்பதுதான் முதல் கதை. 'ரெட் வார்' என்று அதற்குப் பெயர். 2019 அக்டோபரில், யார் வேண்டுமானாலும் இலவசமாக நுழையலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்தது.

அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? 2020 நவம்பர் 10-ம் தேதி அந்த முதல் கதையையே எடுத்துவிட்டார்கள். அதோடு செவ்வாய், புதன் கிரகங்களும், டைட்டன், ஐயோ என்ற துணைக்கோள்களும் விளையாட்டிலிருந்து மறைந்தன. விளையாட்டு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது, பராமரிக்க முடியவில்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் புதிதாக வருகிறவர் கதி?

கேய்ட்-6 என்று ஒரு பாத்திரம். எப்போதும் ஜோக் அடித்துக்கொண்டிருக்கும், எல்லோருக்கும் செல்லம். 2018-ல் வந்த 'ஃபர்சேகன்' என்ற கதையில் அவர் கொல்லப்படுகிறார். 2022 பிப்ரவரியில் அந்தக் கதையையும் எடுத்துவிட்டார்கள். 2024-ல் வந்த 'தி ஃபைனல் ஷேப்' கதையில் கேய்ட்-6 திரும்பி வருகிறார்! பழைய ஆட்டக்காரர்களுக்குக் கண்ணில் தண்ணீர். புதியவருக்கோ, 'யார் இவர்? எதுக்கு எல்லாரும் உருகுறாங்க?'

வருஷக்கணக்கில் ஓடுகிற மெகா சீரியலை நடுவில் பார்க்க ஆரம்பித்தால், பக்கத்தில் பாட்டி இருந்து, 'அவ இவனோட மூத்த சம்சாரம்' என்று எடுத்துக் கொடுப்பார். இங்கே பாட்டியும் இல்லை, பழைய எபிசோடும் இல்லை.

பணமும் ஒரு குழப்பம். சாதாரணச் செலவுக்கு 'க்ளிம்மர்'. அலங்காரப் பொருள் வாங்க, ஆடிச் சம்பாதிக்கிற 'ப்ரைட் டஸ்ட்'. அதே கடையில் 'சில்வர்' என்று இன்னொன்று. இந்த சில்வரை அப்பாவின் நிஜப் பணத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எது எங்கே செல்லும் என்று தெரியாதவர் கை தவறிப் போவது எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாசக் கடைசியில் பட்டுப்புடவை

இரண்டாவது உதாரணம் 'கௌன்ட்டர்-ஸ்ட்ரைக்'. 1999-ல் 'ஹாஃப்-லைஃப்' என்ற விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டிய ஒரு பரண் மாதிரி ஆரம்பித்தது. 2000-ல் வால்வ் கம்பெனி அதைத் தன் பெயரில் வெளியிட்டது. 2023 செப்டம்பரில் வந்தது 'கௌன்ட்டர்-ஸ்ட்ரைக் 2'. இதில் கதையே கிடையாது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஒரு கட்சி குண்டு வைக்க வேண்டும், மறு கட்சி தடுக்க வேண்டும். இதில் என்ன குழப்பம் என்கிறீர்களா?

இங்கே குழப்பம் குடும்ப பட்ஜெட்டில்! ஒவ்வொரு சுற்றிலும் விளையாட்டுப் பணம் கொடுத்துத் துப்பாக்கி வாங்க வேண்டும். முதல் சுற்றில் ஆளுக்கு 800 டாலர். ஏ.கே.47 விலை 2,700. கவசமும் ஹெல்மெட்டும் 1,000. ஆக, கையில் 2,000 இருக்கும்போது அனுபவசாலிகள் என்ன செய்வார்கள்? அந்தச் சுற்றில் யாரும் எதையும் வாங்காமல் சேமித்து, அடுத்த சுற்றில் ஐந்து பேரும் ஒன்றாக நல்ல துப்பாக்கி வாங்குவார்கள். நம்ம பையனுக்கு இது தெரியாது. பணம் இருக்கிறதே என்று இப்போதே எதையோ வாங்கிவிடுகிறான். அடுத்த சுற்றில் நாலு பேரிடம் ஏ.கே.47, இவனிடம் வெறும் கைத்துப்பாக்கி. மாசக் கடைசியில் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டுப்புடவை எடுத்து வந்தால் என்ன நடக்குமோ, அதுதான் ஹெட்ஃபோனில் நடந்தது.

இன்னொன்று. சினிமா ஹீரோ மாதிரி ஓடிக்கொண்டே சுட்டால் இதில் குண்டு எங்கெங்கோ போகும். நின்று சுட வேண்டும். ஏ.கே.47-ஐ விடாமல் அழுத்தினால் குண்டுகள் மேலே மேலே ஏறி, அப்புறம் பக்கவாட்டில் அலையும். அதற்கு ஈடாக மௌஸைக் கீழே இழுக்கவேண்டும். இதையெல்லாம் விளையாட்டு வாய் திறந்து சொல்வது ரொம்பக் குறைவு. தெரிந்தவர்கள் வருஷக்கணக்கில் செத்துச் செத்துத் தெரிந்துகொண்டது.

மூளை என்ன செய்கிறது?

1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சமயத்தில் மனசில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடிய விஷயங்கள் சுமார் ஏழு என்றார். பிறகு 2001-ல் நெல்சன் கோவன் என்பவர், ஏழெல்லாம் இல்லை, நாலு இருந்தால் அதிகம் என்று குறைத்தார். புது ஆட்டக்காரரின் திரையில் வரைபடம், குண்டு எண்ணிக்கை, உயிர் அளவு, பணம், கடிகாரம், எதிரியின் காலடிச் சத்தம், நண்பரின் கத்தல் என்று கணக்கு ஏழைத் தொட்டுவிடுகிறது. கை நாலு விஷயத்தைத்தான் பிடிக்கும். மீதி கீழே விழும். விழுவது எது என்று அவரால் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

அப்படியானால் பழையவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அவர்களுக்கு மூளை பெரிசா? 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் செஸ் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிஜமாக ஆடிய ஒரு ஆட்டத்தின் நடுவில் இருந்த காய்களைச் சில விநாடிகள் காட்டி, மறைத்து, திருப்பி அடுக்கச் சொன்னார்கள். நிபுணர் ஏராளமான காய்களைச் சரியாக வைத்தார். கத்துக்குட்டி திணறினார். அடுத்து, காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினார்கள். நிபுணரின் சாமர்த்தியம் காணாமல் போயிற்று! அவருக்கும் ஞாபகசக்தி மற்றவர்கள் மாதிரிதான். பழகிப்போன அமைப்புகளை மொத்தம் மொத்தமாகப் பார்க்கிறார், அவ்வளவே. நமக்கு 'அம்மா' என்பது மூன்று எழுத்தாகவா தெரிகிறது?

இதைப் பையனிடம் சொல்லுங்கள். 'உனக்கு மூளை மட்டு இல்லைடா. அவங்க வார்த்தையாப் படிக்கிறாங்க, நீ இன்னும் எழுத்துக் கூட்டுறே.'

தெரிந்தவரே ஏன் மோசமான வாத்தியார்?

வீட்டிலேயே ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டின் தாளத்தை மேஜையில் தட்டுங்கள். என்ன பாட்டு என்று மனைவியைக் கேளுங்கள். உங்கள் காதில் இளையராஜாவின் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் கேட்கும். அவருக்கு வெறும் டொக் டொக்! 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி இதையே செய்தார். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கேட்டவர்கள் கண்டுபிடித்தது மூன்று.

பழைய ஆட்டக்காரர் 'சேவ் பண்ணுடா' என்று கத்துவது இந்த டொக் டொக்தான். அவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது. விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இதே வியாதி உண்டு. அவர்களுக்கும் விளையாட்டு தலைகீழ்ப் பாடமாயிற்றே! போதாததற்கு, ரொம்ப நாள் ஓடிய விளையாட்டில் புதியவர்கள் சிறுபான்மை. அவர்களுக்குச் சமமான எதிரி கிடைப்பது கஷ்டம். சில பழம் பெருச்சாளிகள் வேறு, புதுப் பெயரில் கணக்குத் தொடங்கிக் கத்துக்குட்டிகள் நடுவில் புகுந்து வேட்டையாடுவார்கள். இதை வீரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உடம்புக்கு என்ன?

எது செய்தாலும் தோல்வி, ஏன் தோற்றோம் என்றும் தெரியவில்லை என்ற நிலை நீடித்தால் மனசு ஒரு கட்டத்தில் முயற்சியை நிறுத்திவிடும். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து இதைக் காட்டினார்கள். தங்களால் தடுக்க முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு எளிதில் தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்காமல் படுத்துவிட்டன. தோற்பது கெடுதல் இல்லை. காரணம் தெரியாமல் தோற்பதுதான் கெடுதல்.

டென்ஷனில் இதயம் படபடக்கும், தோளும் மணிக்கட்டும் இறுகும், கண் சிமிட்டுவது குறைந்து எரிச்சல் வரும். 'ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுட்டுப் படுக்கிறேன்' என்று ராத்திரி ஒரு மணி ஆகும். இது சுத்த நஷ்டம். அன்று பழகிய கைவேலையை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சிலருக்கு நிஜமாகவே தலை சுற்றும், குமட்டும். கண் 'ஓடுகிறேன்' என்கிறது, உள்காது 'நாற்காலியில்தானே இருக்கிறாய்' என்கிறது. இரண்டும் சண்டை போடுவதால் வருகிற தொந்தரவு. பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருகிற அதே வாந்தி உணர்வு. திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அறையில் விளக்கு எரியட்டும். பல விளையாட்டுகளில் பார்வைக் கோணத்தை அகலப்படுத்தவும், காட்சி மங்கலாக இழுபடுவதை நிறுத்தவும் வசதி இருக்கிறது. குமட்டல் ஆரம்பித்ததுமே நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொள்கிறேன் என்பது வேண்டாம்.

எப்படி நுழைவது?

முதல் வாரம் ஜெயிக்கிற எண்ணமே கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். கௌன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் கம்ப்யூட்டரே எதிரியாக ஆடும் பயிற்சி உண்டு. இன்றைக்கு நின்று சுடுவது மட்டும். நாளைக்கு ஒரே ஒரு வரைபடத்தில் சந்து பொந்து பார்ப்பது மட்டும். 'டஸ்ட் 2' என்ற வரைபடம் 2001-லிருந்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வீண் போகாது. பிறகு தரவரிசை பாதிக்காத 'காஷுவல்' ஆட்டம். டெஸ்டினியில் என்றால், விட்டுப்போன கதையை யாராவது தெரிந்த நண்பரிடம் பத்து நிமிஷம் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்று பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் அந்த நண்பரையே துணைக்கும் அழைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். எது தேவை என்று தெரியாத நேரம் அது.

திட்டுகிறவர் குரலை அடைக்க விளையாட்டிலேயே பட்டன் இருக்கிறது. வெட்கப்படாமல் அழுத்தலாம்.

எவ்வளவு நேரம்? 2003-ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன், டாஃப்னி பவலியே என்ற இருவர், விளையாடிப் பழக்கமே இல்லாதவர்களை ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆட வைத்தார்கள். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். காட்சிகளைக் கவனிக்கும் திறன் அவர்களுக்குக் கூடியிருந்தது. 'டெட்ரிஸ்' ஆடியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. தினம் ஒரு மணி என்ற கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் விளையாட்டின் வயதுச் சான்றை முதலில் பாருங்கள். கௌன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் முந்தைய பதிப்புக்கு அமெரிக்காவில் கொடுத்தது 17 வயதுக்கு மேல் என்ற சான்று.

அப்பாக்கள் கொஞ்ச நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அறிவுரை வேண்டாம். 'இப்ப ஏன்டா அந்தப் பக்கம் போனே?' என்று கேட்டால் போதும். பதில் சொல்லும்போதே பையனுக்குத் தன் தப்பு தெரிந்துவிடும். 'உங்களுக்குப் புரியாதுப்பா' என்பான் முதலில். 'அப்ப புரியுற மாதிரி சொல்லு' என்று விடாதீர்கள்.

எப்போது டாக்டர்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து விளையாட்டுக் கோளாறு என்பதும் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய், சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே ஆகி, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இப்படி வழக்கமாக ஒரு வருஷ காலமாவது இருப்பது. அந்த நிலை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். லீவுக்கு வந்த இடத்தில் இரண்டு நாள் மௌஸைத் தள்ளினான் என்பதற்கு டாக்டர் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்குள் படுக்கச் சொல்லுங்கள்.