வெள்ளை மனமும் வெள்ளைத் தாளும்

'வெள்ளை' என்பது தறிக்கும் வயலுக்கும் பொதுவான சொல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சோளம், வெள்ளைப் பூண்டு என்று பெயருக்கு அடையாக நிற்குங்கால் அது நிறத்தைக் குறிக்கும். இதுவே அதன் நேர்ப்பொருள்.

நேர்ப்பொருளை ஒட்டி வேறு இரு பொருள்களும் வழங்குகின்றன. கோராத் துணியை வெளுத்தால் அழுக்கு நீங்கித் தூய்மை பெறுகிறது. அதுபோல் வஞ்சம் இல்லாதவரை 'வெள்ளை மனத்தார்' என்கிறோம். இது புகழ்ச்சி.

மற்றொரு பொருள் வெறுமை. கதிர்ப் பருவத்தில் தண்டுத் துளைப்பான் தாக்கிய நெற்பயிர் வெண்கதிர் விடும். கதிர் நிமிர்ந்து நிற்கும். உள்ளே மணி இராது. அறிவின் வெறுமையையும் முன்னோர் வெண்மை என்றனர். திருக்குறளில் 'புல்லறிவாண்மை' அதிகாரத்தில், 844ஆம் குறளில், அச்சொல் அறிவின்மை என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது.

எழுதப்படாத தாளை 'வெள்ளைத் தாள்' என்னும்போதும் நாம் கருதுவது நிறத்தை அன்று; எழுத்தின்மையையே. இங்கேதான் அங்கத்தினர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். கடன் வாங்கும் அவசரத்தில், "நம்மவர்தாமே, பிறகு எழுதிக்கொள்வார்" என்று வெள்ளைத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்போர் உளர். செய்வது வெள்ளை மனம். ஆயினும் சட்டம் தாளையே பார்க்கும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20ஆம் பிரிவு கூறுவது இது: முறைப்படி முத்திரையிட்ட தாளில் ஒன்றும் எழுதாமலோ, குறையாக எழுதியோ கையொப்பமிட்டு ஒருவரிடம் கொடுத்தால், அம்முத்திரைக்கு உட்பட்ட தொகை வரையில் அதைப் புரோநோட்டாகப் பூர்த்தி செய்ய அவருக்கு அதிகாரம் அளித்ததாகவே முதற்கண் கொள்ளப்படும். பின்னர் மறுக்க முற்படுபவர் பெருந்தொல்லைக்கு ஆளாவார்.

ஆகவே தொகை, வட்டி, தவணை, தேதி ஆகிய யாவும் எழுதப்பட்ட பின்னரே கையொப்பமிடுக. படிக்க அறியாதவர், தமக்கு நம்பிக்கையான ஒருவரை உரக்கப் படிக்கச் செய்து, கேட்ட பின்னரே கைந்நாட்டு வைக்க வேண்டும். நிரப்பாத இடங்களைக் கோடிட்டு அடித்துவிடுக. தவணை செலுத்தியவுடன் ரசீது பெற்று, பாஸ் புத்தகத்தில் வரவு ஏறியுள்ளதா என்று பார்த்துக்கொள்க. இவ்வாறு கேட்பது எவரையும் ஐயுறுவதாகாது. நேர்மையான குமாஸ்தாவுக்கும் அதுவே காவல்.

வெளுத்ததெல்லாம் பாலாகாது. நம் மனம் வெள்ளையாக இருக்கட்டும். நாம் கையொப்பமிடும் தாள் மட்டும் வெள்ளையாக இருத்தல் வேண்டா.