பிள்ளை மறித்தால் ஜீப் நிற்கவேண்டும்

அன்புள்ள தம்பி,

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றித் தலைமன்னார் மணலுக்கும் அரிப்புக்கும் கூட்டிப்போகத் தொடங்கியிருக்கிறீர். வெளிக்கிட முதல் வாகனம் பார்க்கிற வேலையை அவர்களுக்கும் பழக்கலாமா என்று கேட்டிருந்தீர். தாராளமாகப் பழக்கும். ஆனால் ரயர், தண்ணி, ஒயில், பிறேக், பற்றறி, லைற் என்று பாடமாக்கக் கொடுக்காதேயும். ஒரு கிழமையில் ஒப்புவிப்பார்கள், ரயரைத்தான் பார்க்கமாட்டார்கள்.

ஒருநாள் பேசாலைக் கரையில் போய் நின்று பாரும். வள்ளத்து எஞ்சின் ஸ்ராட் ஆனதும் அதன் சின்னத் துவாரத்தால் தண்ணி பீச்சுதா என்று கவனிக்கிறவன் அநேகமாக ஒரு பொடியனாக இருப்பான். தண்ணி வராவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். "தண்ணி வரேல்லை" என்று அவன் கத்தினால் தகப்பன் உடனே நிற்பாட்டுவார். அவனுக்கு இருக்கிற அந்த அதிகாரத்தை உம்முடைய ஜீப்பிலும் பிள்ளைகளுக்குக் கொடும். அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் விளையாட்டு.

கண்டுபிடிப்பது அவர்களுடைய வேலை, திருத்துவது உம்முடையது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மிதிவெடி பற்றிப் படிப்பித்ததும் இப்படித்தானே: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். சூடான றேடியேற்றர் மூடியைப் பிள்ளை திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். சில வாகனங்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபான் தானாகச் சுற்றும், அதனால் கை உள்ளே போகக்கூடாது. ஜக் அடித்துத் தூக்கிய வாகனத்துக்குக் கீழே யாருமே போகக்கூடாது. பிள்ளைகள் கிட்ட வர முதல் ஹான்ட் பிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, சாவியை உம்முடைய பொக்கற்றுக்குள் போட்டுவிடும்.

ரயரில் மட்டும் அவசரப்படாதேயும். எங்கள் தீவில் உடைமுள்ளும் பனங்கருக்கும் கிடக்காத ஒழுங்கை எது? எங்கள் கண்ணைவிடப் பிள்ளையின் கண் ரயருக்குக் கிட்ட இருக்கிறது; குனிய அலுப்புப்படுகிற எங்களைவிட அவர்கள் நன்றாகப் பார்ப்பார்கள். தார் ரோட்டில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கிற காற்றை, வாகனத்தையும் பாரத்தையும் பொறுத்து, மணலில் 18 அளவுக்கு இறக்குவோம். இறக்க முதலும் பிறகும் ரயர் நிலத்தில் படுகிற இடத்தின் முன்னும் பின்னும் குச்சியால் கோடு போடச் சொல்லும். காற்றுக் குறைந்தால் ரயர் அகலும் என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். அகலத்தைவிட நீளம்தான் கூடுகிறது; பாரம் பரவுவதால் சில்லு புதையாமல் ஓடுகிறது. கோட்டைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அதே காற்றோடு திரும்பவும் தார் ரோட்டில் ஏறி விரட்டினால் ரயரின் பக்கம் மடிந்து மடிந்து சூடேறும், வெடிக்கவும் கூடும். ஆகவே காற்றை இறக்க முதல் கேட்கவேண்டிய கேள்வி "பம்ப் வேலை செய்யுதா?" என்பது. அதை ஒரு பிள்ளையே உம்மிடம் கேட்கட்டும்.

வாகனத்துக்குக் கீழே அரை மணி நேரம் ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்தால் ஒழுக்கு தெரிந்துவிடும். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணி. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் உம்மைக் கூப்பிடவேண்டும். நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் விடாதேயும். கூலன்ற் இனிக்கும், ஆனால் நஞ்சு. உப்புக்காற்றில் பற்றறி முனைகளில் பூக்கிற வெள்ளைப் பொடியையும் தூர நின்று காட்டினால் போதும். லைற்றைத் துடைக்கிற வேலையைச் சின்னவர்களிடம் கொடும். பொழுதுபட்டால் எங்களூர்க் கழுதைகள் ரோட்டை விட்டு எழும்பாது, ஹோர்ன் அடித்தாலும்தான்.

வங்காலையில் பூநாரை பார்க்க நிற்பாட்டினால் ரோட்டோரத்தோடு நிற்கட்டும். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சரணாலயம் அது. சில்லு இறங்குகிற இடமில்லை. இறக்கினாலும் மேலே காய்ந்த உப்புத் தரை, கீழே சேறு. எந்தச் சோதனையும் அங்கே உதவாது.

இடைக்கிடை நீரே ஒரு பிழையை ஒளித்து வையும். வீல் ஸ்பானரை இடம் மாற்றும், ஒரு வால்வு மூடியைக் கழற்றி வையும். பிறேக்கிலும் வீல் நட்டிலும் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒருநாள் ஒரு பிள்ளை "அண்ணா, போகேலாது" என்று மறிக்கும். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்ப்பா, மற்றப் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். இறங்கிப் போய், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து குனிந்து பாரும். பிழை ஒன்றும் இல்லாவிட்டால் அதையும் அந்தப் பிள்ளைக்கே காட்டி விளங்கப்படுத்திவிட்டு வெளிக்கிடும். சிரித்தீரென்றால் அடுத்தமுறை உண்மையான ஒழுக்கைக் கண்டாலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். சீற் பெல்ற் போடாமல் நீர் சாவியைத் திருப்பும்போதும் அவர்கள் மறிக்கலாம் என்று முதல்நாளே சொல்லிவிடும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணன்