கோடையில் குஞ்சு பொரிப்பான்

சித்தூர், திருப்பதி வட்டாரக் கோடையில் அறை வெப்பம் 40 பாகையைத் தொடுவதால், வெப்பமூட்ட மட்டுமே வல்ல வீட்டு இன்குபேட்டரை, அதாவது கோழியின்றி அடைகாக்கும் பெட்டியை, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் வைப்பதே முதல் தேவையாகும். விசிறியுள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ் வெப்பமும், முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும், அதாவது காற்று தாங்கவல்ல நீராவியில் ஏறத்தாழப் பாதியும், இருத்தல் வேண்டும்; கரு உட்சவ்வில் ஒட்டாதிருக்க, முட்டைகளை நாளுக்கு மூன்று முறையேனும் திருப்புவது அவசியம். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பார்த்து, இரத்த நாளம் தெரியாதவற்றை அகற்றலாம். 18ஆம் நாளுக்குப் பின் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும். 21ஆம் நாளையொட்டிக் குஞ்சு ஓட்டைக் கொத்தும்போது, பரிவினால் மூடியைத் திறப்பதே பெருங்கேடு; ஈரம் வெளியேறிச் சவ்வு உலர்ந்து, குஞ்சை உள்ளேயே இறுக்கிவிடும்.